ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று திண்ணனூர் நாடு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வாரம் ஒருமுறை அங்கே போகிறேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பது வேலை. நான் இங்கிலீஷ் படித்தவள் அல்ல. எம்.ஏ. தமிழ், அதுவும் ராசிபுரம் பக்கத்துச் சேரியிலிருந்து போய்ப் படித்தது.

போன மாதம் பிளஸ் டூ பெண்ணொருத்தி ஜெராக்ஸ் தாள் ஒன்றை நீட்டினாள். "அக்கா, இலக்கிய மன்றத்துல இதப்பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நோட்ஸ் மனப்பாடம் ஆயிருச்சு. ஆனா ஒண்ணும் வெளங்கல."

ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானட். நோட்ஸில் என்ன இருந்தது? பதினான்கு வரி, மூன்று நாலடி, கடைசியில் ஓர் ஈரடி, இன்னின்ன உருவகம். மையக்கருத்து: 'உண்மைக் காதல் மாறாது'. அவ்வளவுதான். எனக்குக் கல்லூரியில் நடத்தியதும் இதே லட்சணத்தில்தான். யாருடைய காதல், எதை எதிர்த்து நிற்கிற காதல் என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. நடத்தியவரும் சிரித்தார்.

அந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது தெரியுமா தோழர்களே? ஒரு கல்யாண வீட்டில். இங்கிலாந்து திருச்சபையின் 1549ஆம் ஆண்டு வழிபாட்டுப் புத்தகப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று முறை கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும். இந்த இரண்டு பேரும் சேரத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் கேட்பார். அந்தத் 'தடை' என்ற சொல்லைத்தான் ஷேக்ஸ்பியர் முதலடியிலேயே... இல்லை, அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தில் வைக்கிறான். இரண்டு மனம் சேர்கிறபோது குறுக்கே எழுந்து நிற்கிற ஆள் நானில்லை என்கிறான். 'காதல் மாறாது' என்பதெல்லாம் அதற்கப்புறம் சொல்கிற காரணங்கள். நோட்ஸ்காரர்கள் காரணத்தை வைத்துக்கொண்டு, சொல்ல வந்த காரியத்தை விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு அது அகராதிச் சொல் அல்ல. 1582இல் கல்யாணம் செய்துகொண்டபோது அவனுக்கு வயது 18, ஆன் ஹாத்தவேக்கு 26. அவள் வயிற்றில் பிள்ளை. மூன்று முறை ஓலை வாசிக்க நேரமில்லை. ஒரு முறை போதும் என்று அனுமதி வாங்க, தடை ஏதும் இல்லை என்று இரண்டு விவசாயிகள் நாற்பது பவுனுக்குப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. 1609இல் அச்சான 154 சானட்டுகளில் முதல் 126ஐ ஓர் இளைஞனை நோக்கி எழுதியவை என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். பள்ளிக்கூட நோட்ஸ் இதையும் வாய்விட்டுச் சொல்லாது.

சரி, இந்த வெள்ளைக்கார ஓலைக்கும் நமக்கும் என்ன? இருக்கிறது. 2016இல் நானும் என் இணையரும், ஐயரும் வேண்டாம் மதமும் வேண்டாம் என்று 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மனு கொடுத்தோம். நான் சேரிக்காரி, அவர் ஊர்க்காரர். நோட்டீஸை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி முப்பது நாள் காத்திருக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம். வயது, ஏற்கெனவே ஆன கல்யாணம், விலக்கப்பட்ட உறவு, மனநிலை... சட்டம் ஏற்கிற ஆட்சேபணை இவ்வளவுதான். சாதி அதில் இல்லை. ஆனால் சாதிக்கு அந்த முப்பது நாள் போதும். ஆறாம் நாள் எங்கள் தெருவுக்குள் இரண்டு வேன் வந்தது. அன்று ராத்திரி முழுக்கப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தேன்.

கடைசியில் ஒரு தோழரின் வாடகை வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாலை மாற்றினோம். 1967ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சுயமரியாதைத் திருமணம். ரகசியமாக நடந்தால் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் சொல்லியிருந்தது. ஊரறியச் செய்யச் சொன்னால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது 2023 ஆகஸ்டில்தான்.

எங்களுக்கு உயிர் இருக்கிறது. கோகுல்ராஜுக்கு இல்லை. 2015 ஜூன் 23, இதே நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. ஓமலூர் தலித் இளைஞன், கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தான். கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணம். அது யாருடைய கோயில்? அர்த்தநாரீசுவரர் கோயில்! சாமி பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கலாம். மனுசன் பக்கத்தில் நின்று பேசக்கூடாது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை வந்தது.

தமிழன்தான் காதலை உலகுக்குச் சொன்னவன் என்று மேடையில் முழங்குகிற ஐயாமார்களே, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொஞ்சம் புரட்டுங்கள். தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய பத்து ஒப்புகளில் முதலாவது பிறப்பு, இரண்டாவது குடிமை. உணர்வு ஒன்பதாவதாக வருகிறது. அடியோரும் வினைவலரும் அகத்துக்கு வெளியேதான் காதலிக்கவேண்டும். இலக்கணத்திலேயே சேரியைத் தள்ளிவைத்தாயிற்று. ஷேக்ஸ்பியர் கேட்டது மனம் ஒன்றைத்தான். வெள்ளைக்காரன் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. ஓலை வாசித்ததும் அவன்தானே! நோட்டீஸ் முறை அவன் போட்ட 1872ஆம் வருசச் சட்டத்திலேயே இருந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். கப்பலுக்கு வழிகாட்டும் நட்சத்திரத்தைச் சொன்னேன்: அதன் உயரத்தை மாலுமி அளந்துவிடலாம், மதிப்பை அளக்கமுடியாது. அவள் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் காலத்தின் கையிலிருக்கும் அரிவாள் உதட்டையும் கன்னத்தையும் அறுக்கும், காதலை அறுக்காது என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"சாமை அறுக்கற அருவாதானக்கா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலத்துக்கிட்ட இருந்தாப் பரவால்லக்கா. வயசானப்பறந்தான அறுக்கும். இங்க ஆளுங்க கையிலல்ல இருக்குது."

நான் படித்த எந்த உரையும் இதைச் சொன்னதில்லை.

சாதி ஒழியக் கலப்பு மணமே மருந்து என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த மருந்து பாடப்புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறபோது உறையைப் பிரிக்காமல் விழுங்கச் சொல்கிறார்கள். ஆசிரியர்களே, இயைபை நடத்துங்கள், உருவகத்தை நடத்துங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு வினாவைச் சேருங்கள்: 'இந்தப் பாட்டில் வரும் தடையை உங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்?' இரண்டு மதிப்பெண் போதும். நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விடை தெரியும். திருத்துகிறவர் மதிப்பெண் போடுவாரா என்பதுதான் என் சந்தேகம்.