எருமை வாங்குமுன் நெய் விலை

நியூட்ரான் வெளிப்படாத அணுக்கருச் சேர்க்கையினால் மின்சாரம் உண்டாக்கி, உலகத்துக்கெல்லாம் மலிவாய் விற்கப் போவதாகச் சில கம்பெனியார் பலமாக விளம்பரம் செய்து வருகின்றார்கள். இதில் விஞ்ஞானம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். தட்டார்கள் பற்றவைக்க உபயோகிக்கும் வெண்காரத்தில் போரான் என்னும் பொருள் இருக்கின்றது. அதன் கருவோடு ஹைட்ரஜன் கரு சேர்ந்தால் மூன்று ஹீலியக் கருக்களும் பெரும் சக்தியும் பிறக்கின்றன. இது 1930களிலேயே கேம்பிரிட்ஜில் காணப்பட்ட உண்மை. டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேரும் முறையிலோ சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் கொண்டுபோய், உலையின் சுவரையும் கெடுத்துக் கதிரியக்கமுடையதாக்குகின்றது. போரான் முறையில் அத்தொல்லை மிகச் சொற்பம். கொதிகலன் இல்லாமலே மின்சாரம் எடுக்கலாமென்பதும் நியாயமான எதிர்பார்ப்பேயாகும்.

நிற்க, தடை என்னவென்றால், மற்ற முறைக்குப் பத்துக் கோடி டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூடு போதுமென்றால், இதற்கு 100 கோடிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டில் சக்தியின் பெரும்பகுதி எக்ஸ் கதிராக வெளியே ஓடிவிடுகின்றது. காந்தக் கட்டுக்குள் இச்சேர்க்கையை முதன்முதலாக அளந்த ஜப்பான் சோதனையின் முடிவு 2023-ல்தான் வெளிவந்தது. அதிலும் வரவு செலவை எட்டவில்லை.

வரவு என்பதையும் விசாரித்தே ஒப்ப வேண்டும். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் லேசர் 2.05 மெகாஜூல் செலுத்த 3.15 மெகாஜூல் வந்ததென்று கொண்டாடினார்கள். அது டியூட்டீரியம்-டிரிட்டியம் சோதனை. அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல்!

இப்படியிருக்க, ஹீலியன் கம்பெனி 2028 முதல் மைக்ரோசாப்டுக்கு மின்சாரம் கொடுப்பதாக 2023-லேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் டியூட்டீரியம்-ஹீலியம் 3 முறையிலும் நியூட்ரான் அடியோடு ஒழிவதில்லை. எருமை வாங்குமுன் நெய் விலை பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆராய்ச்சி கூடாதென்று நாம் சொல்லவில்லை. அதற்குப் பணமும் காலமும் தாராளமாய்க் கொடுக்கட்டும். ஆனால், நாளைக்கு வரும் மின்சாரத்தைக் காட்டி, இன்றைக்கே கைகூடும் சூரிய, காற்று மின்சார வேலைகளை எந்தச் சர்க்காராவது தள்ளிப் போடுமானால், அந்த நஷ்டம் கம்பெனியாருடையதல்ல. மாதாமாதம் விளக்குக்குக் கட்டணம் கட்டும் ஏழை ஜனங்களுடையதாகும். ஆதலால் விஞ்ஞானமென்ற பெயரைக் கேட்டதும் வாய்மூடி இருந்துவிடாமல், உள்ளே போன யூனிட் எத்தனை, வெளியே வந்த யூனிட் எத்தனை என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். விஞ்ஞானம் அக்கேள்விக்குப் பயப்படாது.