சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குழப்பம்: மறைக்க வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள்



இந்நாட்டு வைத்தியசாலைகளில் நம்மவரைச் சந்திக்கச் செல்லும்போது, பிள்ளைகள் என்னை ஒதுக்கமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு செய்தி உண்டு: "சுவாமி, ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மாவுக்கு மூளை பிசகிப்போச்சு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." இதில் முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது வாக்கியமே என்னை அதிகம் வருத்துகிறது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

இது பைத்தியமன்று. பேயின் வேலையுமன்று. மறதிநோய் ஒரே இரவில் வந்துவிட்டது என்பதும் பொருளன்று. மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். சத்திரசிகிச்சை, மயக்கமருந்து, வலி, கிருமித்தொற்று, நீரிழப்பு, தூக்கமின்மை ஆகியவற்றின் சுமையை முதிய மூளை தாங்கமாட்டாமல் தடுமாறும் நிலை அது. பெரும்பாலும் முதல் சில நாள்களுக்குள் தோன்றும். காலையில் தெளிவும் இரவில் குழப்பமுமாக மாறி மாறி வரும். போரைக் கண்டு வந்த நம் முதியோரில் சிலர், அருகிலுள்ள இயந்திரத்தின் இரைச்சலைக் குண்டுவீச்சு விமானமென்று எண்ணிக் கட்டிலைவிட்டு இறங்கப் போராடுவர். வேறு சிலரோ பேசாமல், உண்ணாமல், கண்மூடிக் கிடப்பர். "அமைதியாக உறங்குகிறார்" என்று நாம் ஆறுதல் கொள்வோம். அந்த அமைதியும் டெலிரியமாக இருக்கலாம். எவரும் கவனியாமல் விடுவதும் அதனையே.

பலர் சில நாள்களிலோ வாரங்களிலோ தேறிவிடுகின்றனர். ஆயினும் இதனை அற்பமாக எண்ணலாகாது. விழுந்து காயமடைதல், நெடுநாள் வைத்தியசாலையில் தங்க நேர்தல், வீடு திரும்ப இயலாது பராமரிப்பு இல்லத்துக்குச் செல்லல் ஆகிய ஆபத்துகள் இதனால் கூடுகின்றன.

இது யாருக்கு வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறியலாம். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட வழிகாட்டி நான்கினைக் குறிப்பிடுகிறது: 65 வயது அல்லது அதற்கு மேல், ஏற்கெனவே உள்ள நினைவாற்றல் குறைவு, இடுப்பு எலும்பு முறிவு, கடும் நோய். தடுக்கவும் வழி உண்டு. இடுப்பு எலும்பு முறிந்த 126 முதியோரிடம் பொஸ்டன் நகரில் நடத்தி 2001 இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் 50 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது. முதியோர் மருத்துவர் தொடக்கம் முதல் நாள்தோறும் பார்த்து ஆலோசனை வழங்கியோரில் அது 32 விழுக்காடாகக் குறைந்தது. புதுமையான மருந்து எதுவும் அங்கே இல்லை. நீர், உணவு, வலிநிவாரணம், வேண்டாத மருந்துகளை நிறுத்துதல், மலசலத்தைக் கவனித்தல், விரைவில் எழுந்து நடக்கச் செய்தல் போன்றவையே அந்த ஆலோசனைகள்.

அப்படியானால் நம்மைத் தடுப்பது எது? வெட்கம் என்றே நான் சொல்வேன்.

அப்பாவின் மறதியைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லக் கூசுகிறோம். முன்னொரு முறை குழம்பியதை மறைக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் நாள்தோறும் மது அருந்துவதை மறைக்கிறோம். வழக்கமாகக் குடிப்பவருக்கு அது திடீரென நின்றால் கடுமையான குழப்பமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாளாக எடுக்கும் தூக்கக் குளிசையைச் சட்டென நிறுத்துவதும் அத்தகையதே. குடும்ப மானத்தைக் காக்க எண்ணித் தகப்பனின் உயிரைப் பணயம் வைப்பது மானமாகாது. கேட்குமுன்னரே சொல்லுங்கள். கடையில் வாங்கிய மருந்துகளையும் ஊரிலிருந்து வந்த மருந்துகளையும் பட்டியலிட்டுக் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் மூக்குக் கண்ணாடி, செவிப்புலன் கருவி, பொய்ப்பல் ஆகியவை வீட்டில் கிடக்கலாகாது. கண்ணும் காதும் அடைபட்டவருக்கு அறிமுகமற்ற அறை மேலும் அச்சமூட்டும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், என்ன நடந்தது என்பதைத் தமிழில் அமைதியாக மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். அவர் காணாததைக் கண்டதாகச் சொன்னால் வாதிடாமல், கையைப் பற்றிக்கொள்ளுங்கள். மாற்றம் தெரிந்தால் உடனே தாதியரிடம், "நேற்றுவரை இவர் இப்படி இல்லை" என்று சொல்லுங்கள். அவரை நேற்று அறியாத மருத்துவருக்கு அந்த ஒரு வாக்கியம் பெரும் உதவி. மனத்தெளிவைச் சோதிக்கும்போது மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாமையைக் குழப்பமென்றோ, குழப்பத்தை ஆங்கிலம் தெரியாமையென்றோ எவரும் மயங்கக்கூடாது.

நம் வழக்கம் ஒன்றும் மாறவேண்டும். முதல் மாலையில் இருபது பேராகச் சூழ்ந்து, உரத்துச் செபித்து, பின்னர் நான்கு நாள்கள் எவரும் எட்டிப் பாராதிருப்பது நோயாளருக்கு நன்மையன்று. ஒருவர் அல்லது இருவராக, முறைவைத்து, நாள்தோறும் செல்வோம். உணவு வேளையில் அருகிருந்து ஊட்டுவோம். இரவில் உறங்க விடுவோம். இரவுத் துணைக்கு அனுமதி கிடைக்குமா என்றும் கேட்போம்.

பிள்ளைகள் தூரத்தில் வாழும் முதியோரும் தனித்திருப்போரும் நம் பங்கில் உள்ளனர். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், விரும்பினால் பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். நோயில் பூசுதலுக்கு நான் வருவேன். அதன் மறுநாளும், அதற்கடுத்த நாளும் தமிழில் பேசி அருகே அமர யார் வருவார்? நேரமுள்ளவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் உங்கள் பெயரைத் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை