கார்ப்பெட் விரித்தால் ஈரம் போய்விடுமா?

ஐப்பசி பிறந்தால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கொல்லைப்புற ஷெட்டுகளைப் பற்றித் திடீர்க் கவலை வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஹாலோ பிளாக் சுவர், கீழே வெறும் சிமென்ட் தரை. உள்ளே மண்வெட்டி, கடப்பாரை, உர மூட்டை, ஓடாத சைக்கிள், பாதி காலியான பெயின்ட் டப்பா, ஒரு மூலையில் போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர். தரை ஈரம் கசிகிறது, மூட்டை அடி ஊறுகிறது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? கடைக்குப் போய், மரப்பலகை டிசைன் போட்ட பி.வி.சி. கார்ப்பெட் ஒரு ரோல் வாங்கி வந்து விரித்துவிடுகிறார். வேலை முடிந்தது!

முடியவில்லை. அங்கேதான் தொல்லையே ஆரம்பம்.

கான்கிரீட் என்பது கெட்டிக் கல் அல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணில் இருக்கிற தண்ணீர் அவற்றின் வழியே மேலே ஏறும். வெறும் தரையாக இருந்தால் மேலே வந்த ஈரம் காற்றில் போய்விடும்; தை பிறந்தால் தரை காய்ந்தும் விடும். கார்ப்பெட் போட்டால்? ஈரம் வருவது நிற்காது, போவது மட்டும் நிற்கும். அடியில் தண்ணீர் கோர்க்கும், பசை விட்டுப் போகும், கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். மேலே பார்த்தால் பளபள... தூக்கிப் பார்த்தால் குமட்டல்.

"மாடியில் இதே கார்ப்பெட் வருஷக்கணக்கில் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கும். மாடித் தரைக்கு அடியில் இருப்பது இன்னொரு அறை. ஷெட் தரைக்கு அடியில் இருப்பது மண். அதுவும் ஏரிகளுக்கும் பழைய வயல்களுக்கும் நடுவே மனை போட்ட மண். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியே ஆனது. பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீருக்கு இந்த அரசாணை எதுவும் போய்ச் சேரவில்லை!

இதில் தெருவும் ஒரு எதிரி. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு போட்டுப் போட்டு ரோடு உயர, வீடு பள்ளமானது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு எழுத்து மூலமாகவே அறிவுறுத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது. கொல்லை ஷெட் எம்மாத்திரம்?

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். 18 அங்குலச் சதுரத்தில் ஒரு பாலிதீன் ஷீட்டைத் தரையில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். அமெரிக்காவில் கான்கிரீட் தரைக்கு இதையே ஒரு தர நிர்ணயமாக வைத்திருக்கிறார்கள். அடியில் துளித்துளியாக நீர் கோர்த்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அங்கே கார்ப்பெட் கூடாது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரும் கூடாது, அதுவும் பி.வி.சி.தான். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தலைவர் படம் ஈரத்தைத் தடுத்துவிடாது :-)

அப்படியானால் எதைப் போடுவது? முதல் கேள்வியே தவறு. முதலில் உயரம், பிறகு தடுப்பு, கடைசியில்தான் மேல்பூச்சு. புதிதாகக் கட்டுபவர்கள் தரையை ரோட்டை விட உயர்த்தி, கெட்டித்த மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 250 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை விரிக்க வேண்டும். அதே பிளாஸ்டிக்தான்! கான்கிரீட்டுக்குக் கீழே போனால் காவல், மேலே வந்தால் மூடி. அதன் மேல் கடப்பாக் கல் பதித்தால் போதும். கடப்பாக் கல் ஈரத்தைத் தடுக்காது. ஆனால் ஈரம் பட்டால் அழுகாது, உரியாது, கடப்பாரை விழுந்து சில்லு பெயர்ந்தாலும் அந்த ஒரு கல்லை மாற்றினால் தீர்ந்தது. ஒரே குறை, அது சுண்ணாம்புக்கல்; ஆசிட் பட்டால் அரிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரே அவசியம்.

ஏற்கெனவே கட்டியவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் தரையைப் பெயர்க்க முடியாது. அவர்கள் தரையை விட்டுவிட்டுப் பொருளை உயர்த்தலாம். பழைய மரப் பேலட் ஒன்று, அல்லது நாலு செங்கல் மேல் ஒரு கடப்பாப் பலகை. நெல் குதிரை மண்ணில் படாமல் கல் மேல் ஏற்றி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எஸ்டேட் கம்பெனிகளில் சரக்கைப் பேலட்டில் அடுக்குகிற ஆளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மட்டும் எப்படி மறந்து போகிறது?

இது வெறும் அழகுப் பிரச்சினை என்றால் போகட்டும் என்று விடலாம். அதே ஷெட்டில்தான் மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கிறது. வெறும் தரை ஈரமானால் கண்ணுக்குத் தெரியும், உள்ளே போகிறவர் காலை வைக்குமுன் யோசிப்பார். கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் யாருக்கும் தெரியாது. மழை நாளில் வெறுங்காலோடு போய் சுவிட்சைப் போடுவது பெரும்பாலும் வீட்டு அம்மாக்கள்தான். கார்ப்பெட்டுக்குக் கொடுக்கிற காசை முதலில் ஒரு ஆர்.சி.சி.பி. பொருத்தவும், ஸ்டார்ட்டரை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றவும் கொடுக்கலாமே. மரப்பலகை டிசைன் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும்.