கட்டாயப் பிடித்தமும் அரசியல் சாசனமும்

தொழிலாளரின் மாதச் சம்பளத்தில், அவர்களைக் கேளாமலே, இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கென்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. சுதந்திர நாட்டில் இவ்வாறு கட்டாயப்படுத்த நம் அரசியல் சாசனம் இடம் தருகிறதா என்று துவாக்குடித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் சிலர் நம்மை வினவினர். கேட்கத்தக்க வினாவே.

சாசனத்தைப் பொறுத்தமட்டில் விடை நேரானது. சமூகப் பாதுகாப்பும் சமூகக் காப்பீடும், மத்திய மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 23ஆம் இனமாக உள்ளன. அமெரிக்கர்களுக்கு இத்தகைய தெளிவான வாசகம் இல்லை. எல்லாரும் மருத்துவக் காப்பீடு பெறவேண்டும் என்ற சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் ‘வரி’ என்று கொண்டே, அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நிலைநிறுத்த முடிந்தது.

ஆயினும் நம் நாட்டிலும் வழக்குகள் எழாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, அன்றைய பீகாரின் குமார்துபி ஆலைத் தொழிலாளரே உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். நிர்வாகம் அளித்துவந்த மருத்துவ வசதி 1960 ஆகஸ்டிலிருந்து இ.எஸ்.ஐ. வசமாகும் என்ற அறிவிப்பே காரணம். பொன்மலையில் ரயில்வே மருத்துவமனையையும் திருவெறும்பூரில் பெல் மருத்துவமனையையும் அறிந்த திருச்சிக்காரர்களுக்கு அவர்களது மனக்குறை எளிதில் விளங்கும். ஆனால் 1964இல் நீதிபதி கஜேந்திரகட்கர் அளித்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. இத்துணைப் பெரிய திட்டத்தைப் படிப்படியாக விரிவாக்கும் அதிகாரத்தை அரசிடம் விட்டதில் தவறில்லை என்றாயிற்று.

நமக்கு மிக அருகில் வந்த வழக்கு வேறொன்று. அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே உள்ளது. 2010 நவம்பரில் தமிழக அரசு தனியார் கல்வி நிறுவனங்களையும் இச்சட்டத்துள் கொணர்ந்தது. பள்ளி என்பது ஆலையுமன்று, கடையுமன்று என்று நிர்வாகிகள் வாதிட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020இல் அதை ஏற்கவில்லை. கல்வி வாணிபமன்று என்பது மெய்யே. பள்ளி வண்டி ஓட்டுநருக்கு வரும் காய்ச்சலுக்கு அவ்வேறுபாடு தெரியாதே! 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி, மாதம் 12,000 ரூபாய் பெறும் ஆயாவின் பங்கு 90 ரூபாய், நிர்வாகத்தின் பங்கு 390 ரூபாய். ஈடாக அவருக்கு மருத்துவமும், நோயுற்று வேலைக்குச் செல்லாத நாட்களில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடும் உண்டு. பள்ளிகள் நடத்தும் நாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் வழக்காடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கட்டாயம் ஒருபக்கமாக நின்றுவிடக் கூடாது என்பதும் உண்மை. தொழிலாளியின் உடல்நலம், சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று கல்நார் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. ஆகவே, பணத்தைப் பிடித்துக்கொண்ட பின் மருந்தகத்தில் மருத்துவரும் மருந்தும் இல்லையென்றால், தொழிலாளி முறையிடுவது சலுகைக்காக அன்று.

நமக்குப் பெரிய கவலை, பிடித்தமே இல்லாதவர்களைப் பற்றியது. திருச்சி வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடி செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவோர், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் இரண்டு மூன்று பேரை வைத்து நடத்தும் சிறு உணவுக்கடைகளில் வேலைசெய்வோர் போன்றவர்கள் இவர்கள். 2009இல் தமிழக அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சர் திட்டமும் பெரிய சிகிச்சைக்குக் கைகொடுத்தன. படுத்திருக்கும் நாட்களின் கூலியை அவை தரமாட்டா. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அமைப்புசாராத் தொழிலாளர்க்கும் இ.எஸ்.ஐ. பயன்களை அளிக்கும் திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்துமாறு கேட்கும் விண்ணப்பம் நம் பங்குகளின் தொழிலாளர் சங்கங்களிலிருந்தும் செல்லட்டும்.