ஆபிரகாம் வாங்கிய காணி

சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்களாக எமது மேசையை விட்டு அகலாமற் கிடந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; எழுபது வயதை அண்மித்தவர். சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கி அதிலே சிறு வீடொன்று கட்டவேண்டுமென்று அவரும் மனைவியாரும் முப்பது ஆண்டுகளாக மன்றாடி வந்தனராம். அதற்கிடையில் வாடகை வீடுகள் ஏழு மாறினார்கள். ஈற்றிலே பணமும் ஒருவாறு சேர்ந்து, காணியும் பேசி முடியுந் தறுவாயில் அம்மையார் காலமாகிவிட்டார். "இன்று எங்கள் பெயரில் உள்ள நிலம் சேமக்காலையில் அவளுடைய கல்லறை மாத்திரமே. முப்பது வருட மன்றாட்டுக்கு விடை இதுதானா?" என்று கேட்டிருந்தார்.

இக் கேள்விக்கு உடனே விடையெழுத எமது பேனா எழவில்லை. ஆறுதல் வசனங்கள் பல உள. அவற்றை அவர் எம்மிலும் நன்கறிவார். ஆயினும் கல்லறையைப் பற்றி அவர் எழுதிய அந்த ஒரு வாக்கியம் எம்மை ஆதியாகமத்தின் 23-ம் அதிகாரத்துக்கு இட்டுச் சென்றது.

ஆபிரகாமைப் பற்றிப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் மோரியா மலைக்கே ஏறுவர். அம் மலைக் காட்சி 22-ம் அதிகாரத்தில் உள்ளது. அதை முடித்துக்கொண்டு ஈசாக்கின் விவாகத்துக்குத் தாவிவிடுவர். இடையிலுள்ள அதிகாரத்தை நின்று வாசிப்போர் சிலரே. அதிலே தேவன் பேசுவதில்லை. தூதர் எவரும் வருவதில்லை. அற்புதம் எதுவும் நிகழ்வதில்லை. முதியவர் ஒருவர் தம் மனைவியை அடக்கம் பண்ணுவதற்கு நிலம் வாங்குகிறார், அவ்வளவே. ஆனால் எமது எண்ணத்தில் ஆபிரகாமின் விசுவாசத்தை அளந்து பார்ப்பதற்கு மோரியா மலையினும் ஏற்ற இடம் இந்தச் சந்தை வாசலே.

சாராள் 127 வயதிலே எபிரோனில் மரித்தாள். ஆதியாகமத்தில் மரண வயது குறிக்கப்பட்ட ஒரே பெண்மணி அவளே. ஆபிரகாமுக்கு அப்போது 137 வயது. ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஆகவே கானான் தேசத்துக்கு வந்து 62 ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்தத் தேசம் முழுவதையும் உனக்கும் உன் சந்ததிக்கும் தருவேன் என்ற வாக்குத்தத்தத்தை அவர் ஒருமுறையன்று, பலமுறை கேட்டிருந்தார். வடக்கும் தெற்கும் கிழக்கும் மேற்கும் கண் எட்டிய தூரம் வரைக்கும் நோக்கும்படி பணிக்கப்பட்டிருந்தார். அப்படியிருந்தும் மனைவியின் உடல் கூடாரத்திலே கிடக்கையில், அதைப் புதைப்பதற்கு அவருக்கென்று ஓர் அடி நிலம் இல்லை.

இந்நிலையில் வேறொருவர் என்ன செய்திருப்பார் என்று சிறிது எண்ணிப் பார்க்கலாம். தேவன் எனக்குத் தந்த தேசம் இது. என் மனைவியை நான் விரும்பிய இடத்திலே புதைப்பேன் என்று கூறியிருக்கலாம். அவருக்குப் பலமும் இல்லாமலில்லை. முன்னொருகால் லோத்தை மீட்க 318 ஆட்களைக் கூட்டிச்சென்று நான்கு அரசரை முறியடித்தவர் அவர். அல்லது வாக்குத்தத்தம் பொய்த்தது என்று ஊரை நோக்கித் திரும்பியிருக்கலாம். ஆபிரகாம் இரண்டையும் செய்யவில்லை. அழுதார்; பிறகு எழுந்தார்; ஊர் வாசலில் கூடியிருந்த ஏத்தின் புத்திரர் முன் சென்று, தாம் அந்நியனும் பரதேசியுமாயிருப்பதைச் சொல்லி, ஒரு கல்லறை நிலத்தை வேண்டி நின்றார். வாக்குத்தத்தம் பெற்ற கை, அயலவனுடைய நிலத்தின்மேல் உரிமை கோரி நீளவில்லை. தேவன் தமக்குச் சொன்னதை எப்பெரோனுக்கு விரோதமான ஓர் உறுதியாக அவர் பயன்படுத்தவில்லை. இதுவே இவ்வதிகாரத்தின் உயிர்நாடி என்போம்.

பேரம் நடந்த விதமோ சுவையானது. எங்கள் கல்லறைகளுள் சிறந்ததை எடுத்துக்கொள்ளும் என்கின்றனர் ஊரார். ஆபிரகாம் தலைவணங்கி, எப்பெரோனுடைய வயலின் ஓரத்திலுள்ள மக்பேலா குகையை முழு விலைக்குத் தரும்படி கேட்கிறார். எப்பெரோனோ, குகை மாத்திரமன்று, வயலையும் சும்மா தருகிறேன் என்று சபையறியச் சொல்லுகிறான். மீண்டும் வணங்கி விலையைக் கேட்டதும், நானூறு சேக்கல் வெள்ளி பெறும் நிலந்தானே, நமக்குள்ளே அது எம்மாத்திரம் என்ற பாவனையில் தொகையை மெல்ல நுழைத்துவிடுகிறான். காணி விற்போரின் நாவன்மை நாலாயிரம் வருடங்களாக மாறவில்லை போலும்!

நாணயம் அச்சிடும் வழக்கம் தோன்றியிராத காலம் அது. வெள்ளியைத் தராசில் நிறுத்தே கொடுக்கவேண்டும். சேக்கல் ஒன்று ஏறக்குறைய 11 கிராம் என்று கொண்டால் நானூறு சேக்கல் நாலரைக் கிலோ வெள்ளிக்குச் சற்றுக் குறையும். காலம் வேறாயினும், எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கியதை நினைத்துக்கொண்டால் எப்பெரோன் நட்டப்படவில்லை என்பது விளங்கும்.

ஆபிரகாமுக்குப் பேரம் பேசத் தெரியாதா? சோதோமுக்காகத் தேவனிடத்தில் ஐம்பதில் தொடங்கிப் பத்துவரைக்கும் படிப்படியாக இறக்கியவர் அல்லவா? பிறருடைய உயிருக்காக ஆண்டவரோடு வாதாடிய அந்த நா, தம் மனைவியின் கல்லறைக்காக எப்பெரோனோடு ஒரு சேக்கலையும் குறைத்துக் கேட்கவில்லை.

இவ்விடத்தில் பிரசங்கிகள் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆபிரகாம் ஒருகால் இதே சாராளைத் தம் சகோதரி என்று கூறி எகிப்திலே உயிர் தப்பினார். அவளை முன்னிட்டுப் பார்வோன் கொடுத்த ஆடுமாடுகளையும் கழுதைகளையும் வேலைக்காரரையும் ஒட்டகங்களையும் பெற்றுக்கொண்டார். கேராரிலும் அதே பொய்யைச் சொன்னார். மனைவியின் பேரால் இலவசமாய்ச் செல்வம் சேர்த்தவர், அவளுடைய கல்லறையை இலவசமாய் வாங்க மறுத்து முழு விலையையும் நிறுத்துக் கொடுக்கிறார். அந்தப் பழைய நினைவு தராசின் முன் நின்றபோது அவர் உள்ளத்தில் எழுந்ததோ எழவில்லையோ, வேதம் கூறவில்லை. எமக்கு மாத்திரம் அதை எண்ணாமல் அத் தராசைப் பார்க்க முடியவில்லை. விசுவாசிகளின் தகப்பன் எனப்பட்டவரும் நாளடைவிலேயே அப் பெயருக்குத் தக்கவரானார்.

வயலும், அதிலுள்ள குகையும், எல்லைகளுக்குள் நின்ற மரங்களும் ஆபிரகாமுக்கு உறுதியாயின என்று அதிகாரம் முடிகிறது. எல்லையும் மரமும் குறித்து எழுதும் நம்மூர் நொத்தாரிசுமார் இதில் ஒரு குறையும் காணார். அதன்பின் 38 ஆண்டுகள் அவர் வாழ்ந்தும் வேறு நிலம் வாங்கியதாகக் கூறப்படவில்லை. தம் 175-ம் வயதில் அதே குகையில் அடக்கம் பண்ணப்பட்டார். அடக்கம் பண்ணியவர் ஈசாக்கும் இஸ்மவேலும். தாயோடு துரத்தப்பட்ட மகனும் வீட்டிலிருந்த மகனும் அந்தக் குகை வாயிலில் ஒன்றாய் நின்றனர்.

பிற்காலத்தில் அவ்விடத்துக்கு நேர்ந்ததை வாசகர் அறிவர். குகையென்று கருதப்படும் இடத்தின்மேல் ஏரோது அரசன் காலத்தவை எனப்படும் பெருஞ் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. யூதரும் முஸ்லிம்களும் தனித்தனிப் பகுதிகளில் வழிபடுகின்றனர். 1929-ம் ஆண்டில் எபிரோன் நகரிலே 67 யூதர் கொலையுண்டனர். 1994-ம் ஆண்டில் அம் மண்டபத்திலேயே தொழுகையிலிருந்த 29 முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரு திறத்தாரும் ஆபிரகாமைத் தகப்பன் என்போரே. தலைவணங்கி வாங்கிய காணியிலே இவ்வளவு இரத்தம்!

ஆசிரிய அன்பருக்கு வருவோம். அவருடைய மன்றாட்டு ஏன் அவ்வாறு முடிந்தது என்பதற்கு எம்மிடம் விடையில்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டோம். யாக்கோபைப் பற்றி மாத்திரம் அவருக்கு எழுதினோம். அவன் எகிப்திலே, பிற தேசத்து மண்ணிலே, மரணப் படுக்கையில் பிள்ளைகளைக் கூட்டி, மக்பேலா வயல், மம்ரேக்கு எதிரே, ஏத்தியனான எப்பெரோனிடத்தில் வாங்கியது என்று விபரமெல்லாம் பிசகாமற் சொல்லித் தன்னை அங்கே கொண்டுபோகும்படி கட்டளையிடுகிறான். பாட்டனார் வாங்கிய உறுதியைப் பேரன் மனப்பாடமாய் வைத்திருந்தான். அக் குடும்பத்தார் கல்லறையொன்றைக் கைப்பிடியாகக் கொண்டே ஒரு தேசத்தை எதிர்நோக்கி இருந்தனர்.

அன்பர் தமது கடிதத்தின் அடியில் இன்னுமொன்று கேட்டிருந்தார். கல்லறை நிலத்துக்குரிய பணத்தையும் அடக்கச் செலவையும் தாமே ஏற்பதாக ஆலயத்தார் முன்வந்தனராம். அவர் மறுத்து, வீட்டுக்கென்று சேர்த்த பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டார். அது தம் அகந்தையோ என்று இப்போது மனம் உறுத்துகின்றதாம். அகந்தையன்று என்பதே எமது துணிபு. எனினும் ஆபிரகாம் மறுத்தபோது இருமுறை தலைவணங்கினார் என்பதை நினைவூட்டி, ஒரு மாலைப் பொழுதிலே ஆலயத்தாரைக் கண்டு நன்றி சொல்லி வரும்படி எழுதியிருக்கிறோம்.