பின்பட்டக் கோதுமையும் முருங்கைச் சாறும்

முருங்கையிலையைக் கறிக்கென்று மட்டுமே நம்மில் பலர் அறிவர். அவ்விலையின் சாறு பஞ்சாபின் கோதுமை வயல்களில் பயிருக்கு ஊக்கமளிக்கும் பொருளாகப் பரீக்ஷிக்கப்பட்டு வருகிறது. அதன் பயனையும் எல்லையையும் குடியானவர்கள் ஒருங்கே அறிதல் நலம்.

பஞ்சாபில் கோதுமை விதைக்க உகந்த காலம் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதி வரையிலாகும். நெல்லோ பருத்தியோ நிலத்தை விட்டு அகலாமையால் டிசம்பரில் விதைப்போரும் உளர். உரிய காலம் கடந்தபின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் மகசூல் சுமார் 1 சதவீதம் குறைகிறது. பின்பட்டப் பயிர் மணி பிடிக்கும் தருணத்தில் வெயில் முற்றுவதால், இலைகள் அகாலத்தில் பழுத்து மணிகள் சூம்புகின்றன. 1901-க்குப் பின் அதுவரை கண்டிராத வெப்பம் 2022 மார்ச்சில் தாக்கியபோது நேர்ந்த நஷ்டம் யாவரும் அறிந்ததே.

முருங்கையிலையில் ஸியாட்டின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டு. அது இலை பழுப்பதைத் தாமதப்படுத்துவது. பச்சை நிலைத்த இலை மணிக்கு மேலும் சில நாள் உணவூட்டும். பைசலாபாத் விவசாய சர்வகலாசாலையார், சாற்றை 30 மடங்கு நீர்க்கச் செய்து பின்பட்டக் கோதுமையில் தெளித்தனர். தூர் கட்டுவது முதல் கதிர் வெளிவருவது வரை நான்கு பருவங்களில் தெளித்ததில் மகசூல் சுமார் பத்திலொரு பங்கு கூடிற்று. கதிர்ப் பருவத்தில் ஒரு முறை மட்டும் தெளித்ததிலும் பலன் கண்டது.

ஆயினும் கணக்கைப் பார்த்தல் வேண்டும். மூன்று வாரம் பிந்தி விதைத்தவன் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழக்கிறான். நான்கு முறை தெளித்தாலும் அதில் பாதிக்கும் குறைவே மீளும். இலை பறித்து அரைத்து வடிக்கும் கூலியோ அவன் கையிலிருந்து போகிறது. இலையின் முதிர்ச்சிக்கும் மரத்திற்கும் ஏற்பச் சாற்றின் வீரியமும் வேறுபடும். ஆகையால், இச்சாற்றைத் தாமதத்திற்குப் பரிகாரமென்று கொள்வது தவறு என்பதே எமது அபிப்பிராயம்.

முதற்கண் செய்யத்தக்கது, குறுகிய வயதுடைய நெல்லைப் பயிரிட்டு, அறுவடையானதும் வைக்கோலைக் கொளுத்தாமல் தாளிடையே விதைக்கும் இயந்திரத்தால் உரிய காலத்தில் கோதுமையை விதைப்பதே. அவ்வாறு முயன்றும் பிந்தியவர்கள் கதிர்ப் பருவத்தில் ஒரு முறை சாற்றைத் தெளித்துப் பார்க்கலாம். வயலில் ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விட்டு, அதே அளவுள்ள தெளித்த பாத்தியோடு தனித்தனியே அறுத்து நிறுத்துப் பார்ப்பார்களாக. புட்டியில் அடைத்து விற்பவன் சொல்லைவிடத் தம் தராசு காட்டும் எடையே குடியானவருக்கு நம்பத்தக்க சாட்சியாகும்.