மூடிய புத்தகம்

யுத்தப் போட்டோக்கள் அடங்கிய புத்தகம் ஒன்று என் மேஜைமேல் கிடந்தது. வீட்டுக்கு வந்திருந்த நண்பர் எடுத்துப் புரட்டினார். நாலு பக்கம் தாண்டவில்லை, மூடி வைத்துவிட்டார்.

"என்ன மனுஷங்க சார் இவங்க! எதிரே ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்க, இவங்க படம் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க! ஓடிப் போய்த் தூக்க வேண்டாமா? குழந்தைங்க இருக்கிற வீட்டிலே இதையெல்லாம் வைக்காதீங்க" என்றார்.

நண்பர் நல்லவர், ரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர். ஆனால் அவருடைய இந்தக் கருணையை நான் நம்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஹிரோஷிமாவில் யோஷிதோ மத்ஸுஷிகே என்று ஒருவர் இருந்தார். 'சூகோகு ஷிம்புன்' பத்திரிகையின் போட்டோக்காரர். 1945 ஆகஸ்டு 6ந் தேதி காலை அணுகுண்டு விழுந்தபோது, அங்கிருந்து 2.7 கிலோமீட்டர் தூரத்தில், தம் வீட்டில் இருந்தார். உயிர் பிழைத்தவர், இடிபாடுகளிலிருந்து காமிராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மியுகி பாலத்தருகே வந்தார். தோல் வெந்து தொங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் புண்ணில் தடவச் சமையல் எண்ணெய்தான் இருந்தது.

காமிராவைத் தூக்கினார், கை வரவில்லை. சுமார் இருபது நிமிஷம் தவித்த பிறகே முதல் படத்தை எடுத்தார். அடுத்ததை எடுக்கும்போது கண்ணீர் பார்வையை மறைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். எரிந்துபோன டிராம் வண்டி ஒன்றை எட்டிப் பார்த்தார், உள்ளே பிணங்கள். அதை அவர் எடுக்கவில்லை. பிலிமோ 24 படங்களுக்கு இருந்தது. பல மணி நேரம் நகரத்தைச் சுற்றியவர் நமக்குத் தந்தவை ஐந்தே படங்கள்.

நெஞ்சில் ஈரமில்லாதவன் செய்கிற காரியமா இது?

பிணத்தைக் காட்டிக் காசு பண்ணுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. எண்ணெய் தடவ இன்னும் இரண்டு கைகள் இருந்திருந்தால் நல்லதுதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய தினமே அந்த ஊர் ஜனங்கள் பட்ட பாட்டுக்குப் போட்டோ சாட்சியாக நம்மிடம் மிஞ்சியிருப்பவை அந்த ஐந்து படங்கள்தாம். அவரும் காமிராவைக் கீழே போட்டிருந்தால், புகைக் குடையைத் தவிர வேறு எதை நாம் பார்த்திருப்போம்?

யுத்தம் முடிந்ததும் ஜப்பானை ஆண்ட அமெரிக்க ராணுவம் பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தது. அணுகுண்டின் கொடுமையைக் காட்டும் படங்கள் முடங்கிக் கிடந்தன. 1952 ஏப்ரலில் அந்த ஆட்சி நீங்கியது. செப்டம்பரில் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையே மத்ஸுஷிகேயின் படங்களைப் போட்டது. இடையில் ஏழு வருஷம்!

அந்தப் படங்களை மறைக்க ஒரு ராணுவத்துக்குச் சட்டம் தேவைப்பட்டது, அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். என் நண்பருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை; புத்தகத்தை மூடினார், முடிந்தது. பயந்து மறைத்த ராணுவத்தையாவது புரிந்துகொள்ளலாம். 'மனசுக்குக் கஷ்டமாயிருக்கிறது' என்று மறைக்கிறோமே நாம், நம்மை என்ன சொல்ல? யுத்தத்தை நினைவில் வைத்திருப்பது காமிராவின் வேலை என்று விட்டுவிட்டோம். அது எடுத்துக் கொடுக்கும், பார்க்கவுமா செய்யும்?

குழந்தைகளைப் பற்றிச் சொன்னார் நண்பர். பாலத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் குழந்தைகள்தாமே! அவர்கள் உடம்பால் பட்டதை நம் குழந்தைகள் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதா?

புத்தகம் இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. என் பேத்தி கேட்டால் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு நானே பக்கத்தைத் திருப்புவேன்.